அத்தை மகனைக் கட்டியதால்தான் பிள்ளைக்கு ஆட்டிசமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். அத்தை மகனைத்தான் கட்டிக்கொண்டேன். மூத்தவளுக்கு 5 வயது, நன்றாகப் பேசுகிறாள். இளையவன் பையன், 2 வயது 4 மாதம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒன்றரை வயதில் சொல்லிக்கொண்டிருந்த நாலைந்து சொற்களும் நின்றுபோயின. ஆட்டிசமாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். சொந்தத்தில் கட்டியதுதான் காரணம் என்று ஊரில் பேச்சு. நான் போனைக் கொடுத்துக் கெடுத்தேன் என்கிறார் அத்தை. மூளை ஸ்கேன் எடுத்தால் தெரியுமா? மரபணு சோதனை வேண்டுமா? இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? மற்ற பிள்ளைகளோடு சேர்வானா?

பதில்:

முதலில் காது. பெயர் சொன்னால் திரும்பாத, வந்த சொல்லையும் விட்டுவிட்ட பிள்ளைக்கு மூளை ஸ்கேனுக்கு முன்னால் பார்க்க வேண்டியது கேட்கும் திறனைத்தான். மிக்சி போட்டால் காதைப் பொத்திக்கொள்கிறான், ஆகவே காது நன்றாகத்தான் இருக்கிறது என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். உரத்த சத்தம் கேட்டும், பேச்சில் வரும் ‘ச’, ‘த’ மாதிரி மெல்லிய ஒலிகள் கேட்காத பிள்ளைகள் உண்டு. ஓ.ஏ.இ. என்கிற சின்னச் சோதனை உட்காது வரைக்கும்தான் சொல்லும். அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பு வழியையும் சேர்த்துப் பார்ப்பது பெரா சோதனை. அதற்குப் பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். சோதனை அன்று விடியற்காலை 4 மணிக்கே எழுப்பிவிடுங்கள், தர்மபுரி போகிற பஸ்ஸில் தூங்க விடாதீர்கள். பஸ்ஸில் அரை மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டால் அங்கே போய்த் தூக்க மருந்து கொடுத்தும் தூங்க மாட்டான், இன்னொரு நாள் அலைய வேண்டியதுதான்.

அடுத்தது ஆட்டிச அறிகுறி இருக்கிறதா என்று சலித்துப் பார்க்கும் எம்-சாட் கேள்வித்தாள். 16 மாதம் முதல் 30 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கானது, 20 கேள்விகள், ஆம் இல்லை என்று பதில். தமிழிலும் இருக்கிறது. 3 முதல் 7 வரை மதிப்பெண் வந்தால் கூடுதல் கேள்விகள் கேட்டுத் தெளிவுபடுத்த வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே முழு மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். இது சல்லடை மட்டும்தான், தீர்ப்பு இல்லை. உங்கள் பையனுக்கு இன்னும் 2 மாதம் கடந்தால் இந்தச் சல்லடையின் வயது வரம்பே தாண்டிவிடும், தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் டி.இ.ஐ.சி. என்கிற ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். அங்கன்வாடிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவும் அங்கேதான் அனுப்பும்.

டாக்டரிடம் போகும்போது ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொண்டு போங்கள். தண்ணீர் வேண்டுமென்றால் உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடத்தின் முன் நிறுத்துகிறானா? அது கேட்பது. மதில் மேல் காக்கா வந்து உட்கார்ந்ததும் விரலை நீட்டிக் காட்டி, திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்து, மறுபடியும் காக்காவைப் பார்க்கிறானா? அது காட்டுவது. காக்காவை யாரும் பிடித்துத் தரப்போவதில்லை. ‘நான் பார்த்ததை நீயும் பார்’ என்பது மட்டுமே அதன் பொருள். காக்கா, அம்மா முகம், மறுபடி காக்கா என்ற இந்த முக்கோணப் பார்வை 9 மாதத்தில் முளைவிட்டு 15 மாதத்துக்குள் பெரும்பாலான பிள்ளைகளிடம் வந்துவிடுகிறது. பேச்சு இதன் மேல்தான் ஏறுகிறது. ‘அவனுக்கு எல்லாம் புரியுது, பேச்சுதான் வரலே’ என்று சொல்லும் வீடுகளில் முக்கால்வாசி, கேட்பதை வைத்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். காட்டுவது இருக்கிறதா என்று பார்த்திருக்க மாட்டார்கள்.

வந்த சொற்கள் நின்றதையும் மறக்காமல் தனியாகச் சொல்லுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு 15 முதல் 24 மாதத்துக்குள் இப்படிப் பின்வாங்கல் நடக்கிறது. 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள்தான் தட்டம்மை ரூபெல்லா இரண்டாம் ஊசியும் போடுகிறார்கள். இரண்டும் ஒரே காலத்தில் வருவதால் ஊசி போட்ட பிறகுதான் பேச்சு போயிற்று என்று தோன்றும். 1998இல் 12 பிள்ளைகளை வைத்து அப்படி ஐயம் கிளப்பிய கட்டுரையை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வந்த ஆய்வில் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை. உண்மையில் கருவிலிருக்கும்போது தாய்க்கு ரூபெல்லா வந்தால் பிள்ளைக்கு ஆட்டிசம் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஊசி அதைத் தடுக்கிறது.

இனி உங்கள் முக்கியக் கேள்வி.

ஆட்டிசத்தில் மரபணுவின் பங்கு பெரிது, இதில் சந்தேகமில்லை. 1977இல் வந்த முதல் இரட்டையர் ஆய்விலேயே அது தெரிந்துவிட்டது. ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடியில் இருவருக்கும் ஆட்டிசம். தனித்தனி முட்டையிலிருந்து வந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை. அதற்கு முன் சில பத்தாண்டுகள், அன்பில்லாத தாயால்தான் இது வருகிறது என்று படித்தவர்களே எழுதிக்கொண்டிருந்தார்கள். 2019இல் ஐந்து நாடுகளின் பதிவேடுகளை வைத்துப் போட்ட கணக்கில் மரபின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 80. இந்த எண்ணைத் தவறாகப் படித்துவிடக் கூடாது. உங்கள் பையனின் ஆட்டிசத்தில் 80 பங்கு மரபணு, 20 பங்கு வளர்ப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு மக்கள்கூட்டத்தில் ஒருவருக்கு இருப்பதும் இன்னொருவருக்கு இல்லாததும் ஏன் என்று கேட்டால், அந்த வேறுபாட்டில் பெரும்பகுதியை மரபு வேறுபாடு விளக்குகிறது, அவ்வளவுதான்.

அந்த மரபு மூன்று வழியில் வருகிறது. ஒன்று, எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் ஆயிரக்கணக்கான சின்ன மாறுபாடுகள். ஒவ்வொன்றும் ஒரு சொட்டு. அப்பா வீட்டில் சில, அம்மா வீட்டில் சில, ஒரு பிள்ளையில் பானை நிரம்பிவிடுகிறது. ஆபத்தின் பெரும்பங்கு இந்த வழியில்தான். ‘எங்கள் பக்கத்தில் யாருக்கும் இல்லையே’ என்று இரண்டு வீட்டாரும் சத்தியம் செய்தாலும் இது நடக்கும். யோசித்துப் பார்த்தால் யாரோடும் ஒட்டாமல் ரேடியோ பழுது பார்த்தே காலம் தள்ளிய ஒரு பெரியப்பா எந்தக் குடும்பத்திலும் அகப்படுவார்.

இரண்டாவது வழி, புதிதாக முளைக்கும் மாற்றம். தாயிடமும் இல்லை, தகப்பனிடமும் இல்லை. விந்தணுவோ முட்டையோ உருவாகும்போது எழுத்துப் பிழை மாதிரி விழுகிறது. பிறக்கும் ஒவ்வொரு மனிதருக்கும் இப்படி 60, 70 புதுப் பிழைகள் இருக்கின்றன. தகப்பன் வயது ஓர் ஆண்டு கூடினால் ஏறத்தாழ 2 கூடும். பெரும்பாலும் அவை ஒன்றும் செய்யாத இடத்தில் விழும். எப்போதாவது சி.எச்.டி.8, எஸ்.சி.என்.2ஏ, ஷாங்க்3 மாதிரி ஒரு முக்கிய மரபணுவில் விழுந்தால், அந்த ஒன்றே போதும். 2020இல் வெளியான பெரிய ஆய்வு இப்படி 102 மரபணுக்களைப் பட்டியலிட்டது. 16ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விட்டுப்போவதும் இதே வகை. இந்த வழியில் வந்த ஆட்டிசத்துக்கும் சொந்தக் கல்யாணத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஜோலார்பேட்டைப் பக்கம் முன்பின் தெரியாத இடத்தில் பெண் எடுத்திருந்தாலும் இதே வாய்ப்புதான்.

மூன்றாவது வழியில்தான் உங்கள் ஊர்ப் பேச்சு வருகிறது. சில மரபணுக்களில் ஒரு பிரதி கெட்டிருந்தால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது; அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் கெட்டு வந்தால்தான் நோய். அத்தை மகன், மாமன் மகள் கணக்கில் இருவருக்கும் தாத்தா பாட்டி பொது. மரபணுவில் எட்டில் ஒரு பங்கு பொது. அவர்கள் பிள்ளையில் ஒரே மூதாதையிடமிருந்து வந்த இரண்டு பிரதியும் சேர்ந்துகொள்ளும் இடங்கள் 16இல் 1. தாய்மாமனையே கட்டினால் அது 8இல் 1. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துக்குள் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தால் இன்னும் கூடும். பிறவிக் குறைபாடு எந்தத் தம்பதிக்கும் நூற்றுக்கு 2, 3 பிள்ளைகளுக்கு வரும். அத்தை மகன் உறவில் அதன்மேல் இன்னும் 2 சேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 100இல் 95 பிள்ளைகள் சாதாரணமாகத்தான் பிறக்கிறார்கள். தமிழ்நாட்டில் நான்கில் ஒரு கல்யாணத்துக்கு மேல் சொந்தத்தில்தான் நடக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் இந்த மூன்றாம் வழியில் வந்தவர்கள் சிறுபான்மையே.

ஆகவே ‘சொந்தத்தில் கட்டியதால்தான்’ என்று உங்கள் பையனைப் பார்த்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. சொந்தத்தில் கட்டியிருப்பது ஒரு விதத்தில் முக்கியம்தான்: தேடிப் பார்க்க வேண்டிய சில நோய்கள் உங்கள் வீட்டில் முன்வரிசைக்கு வருகின்றன. உடல் வளர்சிதைக் கோளாறுகள் சில ஆட்டிச வேஷத்தில் வரும். 2012இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றில், சில அமினோ அமிலங்கள் உடலில் வேகமாகத் தீர்ந்துபோய் ஆட்டிசமும் வலிப்பும் அறிவு வளர்ச்சிக் குறைவும் வந்தன. பெற்றோர் நெருங்கிய உறவில் மணந்த குடும்பங்களில்தான் அது அகப்பட்டது. அந்த அமிலங்களை உணவில் சேர்த்துச் சரிக்கட்ட வழி உண்டு. பீனைல்கீட்டோனூரியாவும் அப்படித்தான், உணவுக் கட்டுப்பாட்டைச் சீக்கிரம் தொடங்கினால் மூளை தப்பும். இவற்றுக்கு ரத்தம், சிறுநீர் சோதனை போதும். ‘நாங்கள் சொந்தத்தில் கட்டியவர்கள், வளர்சிதைச் சோதனை வேண்டுமா?’ என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். வெட்கப்பட்டு இதை மறைப்பவர்கள் உண்டு. மறைத்தால் இழப்பு பிள்ளைக்கு.

மரபணு சோதனைக்குப் போகும் முன் குடும்பக் கதையைத் தாளில் எழுதுங்கள், மூன்று தலைமுறை. உங்கள் அம்மா வழியில் அறிவு வளர்ச்சி குறைந்த மாமன் யாராவது உண்டா? அம்மா, சித்தி, பெரியம்மா யாருக்காவது 40 வயதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றதா? தாத்தாவுக்கு 60 தாண்டிக் கை நடுக்கமும் நடையில் தள்ளாட்டமும் வந்ததா? மூன்றும் தனித்தனிச் சங்கதி மாதிரிதான் தெரியும். மூன்றும் ஒரே மரபணுவின் வேலையாக இருக்கலாம். ஃப்ராஜைல் எக்ஸ் என்று பெயர். எக்ஸ் குரோமோசோமில் மூன்றெழுத்துத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும் இடம் அது. சாதாரணமாக 30 தடவை. 55 முதல் 200 வரை நீண்டிருந்தால் அந்தத் தாத்தாவுக்கு வந்த நடுக்கமோ அம்மாவுக்குச் சீக்கிரமே மாதவிலக்கு நின்றதோ மாதிரி வரலாம். 200ஐத் தாண்டிவிட்டால் பையனுக்கு முழு நோய். தாய் வழியாகக் கடக்கும்போதுதான் நீளம் அப்படிக் கூடுகிறது. அதோடு பையனைச் சட்டை கழற்றி நல்ல வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். பிறந்ததிலிருந்தே இலை வடிவில் வெளிர்த் திட்டுகள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் தேமல் என்று களிம்பு தடவிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயின் அடையாளமாக இருக்கலாம். அதில் வலிப்பும் ஆட்டிசமும் சேர்ந்து வரும், சிறுநீரகத்தையும் கண்காணிக்க வேண்டும்.

குரோமோசோமின் சிறு துண்டு விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கும் மைக்ரோஅரே, ஆட்டிசப் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 10 பேருக்குக் காரணம் காட்டும். மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படிக்கும் எக்சோம் சோதனை இன்னும் சிலருக்குக் காட்டும். மீதிப் பேருக்கு ‘ஒன்றும் அகப்படவில்லை’ என்றே முடிவு வரும். ஆட்டிசம் இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. சோதனை பல ஆயிரம் ரூபாய் இழுக்கும், முடிவைப் பிரித்துச் சொல்ல மரபியல் ஆலோசகர் வேண்டும். வேலூர் சி.எம்.சி.யும் ஓசூரிலிருந்து 40 கி.மீ. தூரத்து பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையும் உங்களுக்கு எட்டும் இடங்கள். வலிப்பு, தலை அளவில் பெரிய மாறுபாடு, நடையில் தாமதம், வீட்டில் இன்னொருவருக்கும் பாதிப்பு, அடுத்த குழந்தை பற்றிய யோசனை — இவற்றில் ஒன்று இருந்தால் செலவழிப்பதில் நியாயம் உண்டு. எதுவும் இல்லை, கையிலும் பணம் குறைவு என்றால் அந்தப் பணம் முதலில் பயிற்சிக்குப் போகட்டும். மரபணுவின் பெயர் தெரிந்ததால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பயிற்சி மாறப்போவதில்லை.

ஸ்கேன் விஷயம். 1943இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் உள்ள 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபோதே 5 பேருக்குத் தலை சற்றுப் பெரிது என்று குறித்திருந்தார். அது தற்செயல் இல்லை என்பது பிறகு தெரிந்தது. அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் உள்ள கைக்குழந்தைகளை எம்.ஆர்.ஐ. எடுத்துத் தொடர்ந்தார்கள், 2017இல் முடிவு வந்தது. பிற்பாடு ஆட்டிசம் உறுதியானவர்களுக்கு 6 முதல் 12 மாதத்துக்குள் மூளை மேற்பட்டையின் பரப்பு மற்றவர்களைவிட வேகமாக விரிந்திருந்தது, இரண்டாம் வயதில் மூளையின் கன அளவும் கூடியிருந்தது. இதெல்லாம் கூட்டுச் சராசரியில் தெரிவது. ஒரு தனிப் பிள்ளையின் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ‘இதோ ஆட்டிசம்’ என்று காட்ட யாராலும் முடியாது. ஆட்டிசப் பிள்ளைகளில் பெரும்பாலோரின் எம்.ஆர்.ஐ. நார்மல் என்றே வரும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு ‘மூளையில் ஒன்றுமில்லை, தானே பேசுவான்’ என்று ஓராண்டைத் தொலைப்பதுதான் இதில் வரும் பெரிய கேடு. வலிப்பு, உடலின் ஒரு பக்கம் பலவீனம், தலை மிகப் பெரிது அல்லது மிகச் சிறிது, நான் சொன்ன வெள்ளைத் திட்டு, திறன்கள் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பது: இவை இருந்தால் மட்டும் ஸ்கேன். சில நொடி வெறித்துப் பார்த்து அசைவற்றுப் போகிறான், தட்டினாலும் மீளவில்லை என்றால் மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.

பிறகு மூளையில் என்னதான் நடக்கிறது? நான் முன்பு சொன்ன ஆட்டிச மரபணுக்களில் பல, கரு உருவாகி நடு மாதங்களில் மூளை மேற்பட்டையின் செல்கள் அமையும் காலத்தில் மும்முரமாக வேலை செய்பவை. சில, மற்ற மரபணுக்கள் எப்போது திறக்க வேண்டும் என்று கட்டுப்படுத்துகின்றன. சில, இரண்டு நரம்புச் செல்கள் கைகோக்கும் இணைப்பைத் தாங்கிப் பிடிக்கின்றன. ஆக, பையன் போனைக் கண்ணால் பார்ப்பதற்கு வெகு முன்பே அடித்தளம் போடப்பட்டுவிட்டது. அத்தையிடம் இதைச் சொல்லலாம். பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் நாமே செய்வதுபோல் இயங்கும் ‘கண்ணாடி நரம்பணுக்கள்’ உடைந்ததுதான் ஆட்டிசம் என்று நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 2006 வாக்கில் பிரபலமாக்கிய கருத்து தமிழில் நிறையச் சுற்றுகிறது. பின்வந்த சோதனைகள் அதற்கு உறுதியாகக் கைகொடுக்கவில்லை. ஒரே ஒரு உறுப்பு கெட்டதாகப் பார்க்காமல், முகம், குரல், தொடுதல் இவற்றை ஒருங்கே கோக்கும் வலைப்பின்னல் வேறு விதமாக வளர்ந்ததாகப் பார்ப்பதே இன்றைய நிலை.

இங்கேதான் மரபணுவும் வளர்ப்பும் சந்திக்கின்றன, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பிறந்த குழந்தை முக வடிவத்தை மற்ற வடிவங்களைவிட விரும்பிப் பார்க்கிறது. பிற்காலத்தில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகளும் 2 மாதத்தில் மற்றவர்களைப் போலவே கண்களைப் பார்த்தார்கள். 2 முதல் 6 மாதத்துக்குள் அந்தப் பார்வை படிப்படியாகச் சரிந்தது என்று 2013இல் காட்டினார்கள். 2017இல் இரட்டையரை வைத்து இதையே அளந்தபோது, கண்ணைப் பார்க்கும் அளவில் ஒரே முட்டை இரட்டையரின் ஒற்றுமை 0.91 (முழு ஒற்றுமை என்றால் 1), இரு முட்டை இரட்டையரின் ஒற்றுமை 0.35. முகத்தை எவ்வளவு பார்ப்பது என்பதே மரபு போடும் கணக்கு! முகத்தைக் குறைவாகப் பார்க்கும் பிள்ளைக்கு முகத்திலிருந்து கிடைக்கும் பாடம் குறைகிறது. பாடம் குறையக் குறைய மூளையின் அந்தப் பகுதி வேறு வேலைக்குப் பழகுகிறது. நிலத்தின் சாய்வை மரபணு தீர்மானிக்கிறது. அந்தச் சாய்வில் தண்ணீர் ஓட ஓட வாய்க்கால் ஆழமாகிறது. சாய்வை மாற்ற நம்மிடம் வழியில்லை. வாய்க்கால் ஆழமாவதற்குள் மடையைக் கொஞ்சம் திருப்பலாம். மூன்று வயதுக்குள் பயிற்சி என்று அவசரப்படுத்துவது இதற்காகத்தான்.

போன் விஷயத்தில் அத்தை சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஆட்டிசத்தைப் போன் உண்டாக்கவில்லை. ஆனால் நாளுக்கு 4 மணி நேரம் போன் பார்த்தால், முகம் பார்த்துப் பழகியிருக்க வேண்டிய 4 மணி நேரம் போயிற்று. சாப்பாட்டு நேரத்திலிருந்து தொடங்கி எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் ரகளை இருக்கும். நடுவில் ஒருநாள் விட்டுக்கொடுத்தால் கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான், வீட்டில் எல்லாரும் ஒரே பேச்சாக இருக்க வேண்டும்.

பயிற்சிக்கு வாரம் ஒருநாள் 45 நிமிடம் தர்மபுரிக்கு அழைத்துப்போவதை மட்டும் நம்பினால் பலன் சொற்பம். மீதி 6 நாள் வீட்டில் நடப்பதுதான் பயிற்சி. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 2 முதல் 9 வயது வரையுள்ள 65 பிள்ளைகளை வைத்து நடந்த சோதனை 2016இல் வெளியானது. நிபுணர் அல்லாத களப்பணியாளர்களே வீட்டுக்குப் போய், பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அதை அவர்களுக்கே போட்டுக் காட்டி 12 அமர்வில் பழக்கினார்கள். பெற்றோர் பிள்ளையின் குறிப்பறிந்து பதில் கொடுப்பது கூடியது, பிள்ளை தானாகத் தொடங்கும் பேச்சுச் செயல்களும் கூடின. உங்கள் வீட்டுப் போனுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. 10 நிமிடம் விளையாடுவதை மூத்தவளையோ கணவரையோ எடுக்கச் சொல்லி, இரவில் போட்டுப் பாருங்கள். நாம் எவ்வளவு பேசுகிறோம், எவ்வளவு குறைவாகக் காத்திருக்கிறோம் என்பது முதல் வீடியோவிலேயே முகத்தில் அறையும்.

என்ன விளையாடுவது? நம் பாட்டிமார் கைக்குழந்தைக்குக் காட்டும் நண்டு விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஈடான கருவியை எந்த சென்டரிலும் விற்பதில்லை. தரையில் அவன் முகத்துக்கு நேராக, கண் மட்டத்தில் உட்காருங்கள். உள்ளங்கையில் விரலால் பருப்பு கடையுங்கள். ஒவ்வொரு விரலையும் மடக்கி ஆளுக்கு ஒரு வாய் சோறு ஊட்டுங்கள். பிறகு இரண்டு விரலை நண்டாக்கி மணிக்கட்டிலிருந்து மேலே ஊர விட்டு, அக்குளில் கிச்சுக்கிச்சு. மூன்று நாள் இப்படியே, ஒரு மாற்றமும் இல்லாமல். நாலாம் நாள் முழங்கை வந்ததும் நண்டை நிறுத்துங்கள். வாயைத் திறக்காமல் மனத்துக்குள் 1 முதல் 10 வரை எண்ணுங்கள். இந்தப் பத்து எண்ணிக்கையில்தான் வேலை நடக்கிறது. கையைச் சற்று நீட்டுவான், ‘ஊ’ என்பான், ஒரு கணம் உங்கள் முகத்தைப் பார்ப்பான், எதுவானாலும் சரி. அதைச் ‘செய்’ என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு அந்த நொடியே நண்டை மேலே ஏற்றுங்கள். தான் செய்தால் எதிராளி நகர்கிறார் என்ற கணக்கு அவன் மூளையில் விழ வேண்டும். 5, 6 தடவை போதும், அவன் சலிக்கும் முன் நிறுத்திவிடுங்கள். ஒரு வாரம் கழித்து வேறு இடத்தில் நிறுத்துங்கள், அப்புறம் உங்கள் கையை நீட்டி அவன் நண்டை வர விடுங்கள். கிச்சுக்கிச்சு பிடிக்காத பிள்ளைக்குத் தோளை அழுத்திப் பிடித்துவிடுவது சுகமாக இருக்கும், முடிவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பிழையாகும் இடங்களும் தெரிந்தவைதான். மோவாயைப் பிடித்துத் திருப்பி ‘என்னைப் பார்’ என்பது முதலாவது. முகம் என்றாலே தொல்லை என்று அவன் இன்னும் விலகுவான். இரண்டாவது, ‘இது என்ன? இது என்ன கலர்?’ என்ற ஓயாத பரீட்சை. ஆங்கிலத்தில் பத்து நிறம் சொல்லத் தெரிந்து, தண்ணீர் கேட்கத் தெரியாத பிள்ளைகள் நிறைய. கேள்வியை விட்டு, அவன் பார்ப்பதை நீங்கள் ஒரே சொல்லில் சொல்லுங்கள்: ‘காக்கா’, ‘ஊத்து’, ‘போச்சு’. மூன்றாவது, கேட்கும் முன்பே எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிடுவது. முறுக்கைச் சிறு துண்டுகளாக உடைத்து, மூடியை அவனால் திறக்க முடியாத டப்பாவில் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். டப்பாவை உங்களிடம் நீட்டினால் ஒரு துண்டு மட்டும். உங்கள் கையை இழுத்தால் அவன் சுட்டுவிரலை மெல்ல நீட்டவைத்து டப்பாவைத் தொட்டுக் காட்ட உதவுங்கள், உடனே கொடுங்கள். அழவைத்துக் காக்க வைப்பது இதில் சேராது.

வீட்டில் தமிழும் தெலுங்கும், அக்கம்பக்கத்தில் கன்னடமும் என்றால் ‘மூணு பாஷையில் குழம்பிட்டான், ஒண்ணை மட்டும் பேசுங்க’ என்று யாராவது சொல்வார்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அப்படித்தான் வளர்கிறார்கள். இருமொழி வீட்டு ஆட்டிசப் பிள்ளைகளின் பேச்சு அதனால் மேலும் பின்தங்குவதில்லை என்பதே ஆய்வுகள் சொல்வது. பாட்டிக்குத் தெலுங்கில்தான் கொஞ்ச வரும் என்றால் தெலுங்கில் கொஞ்சட்டும். வராத மொழியில் பேசச் சொன்னால் அவர் பேச்சையே குறைத்துக்கொள்வார், அதுதான் நஷ்டம்.

தண்ணீரைப் பற்றியும் இந்தப் பக்கம் கேட்பார்கள். நம் போர்வெல் நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லையும் எலும்பையும் அது கெடுப்பது நிச்சயம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பிள்ளைகளின் அறிவுத்திறனும் சற்றுக் குறைவதாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டிசத்துக்கு ஃபுளோரைடு காரணம் என்று நிறுவப்படவில்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகும் என்று யாராவது லட்சங்களில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இலேயே சொல்லிவிட்டது.

அடுத்த குழந்தை: ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் பின்னால் பிறப்பவருக்கு வரும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்று 2024இல் வெளியான பெரிய தொடர் ஆய்வு சொல்கிறது. ஆண் என்றால் நான்கில் ஒன்று, பெண் என்றால் எட்டில் ஒன்று அளவில். மூத்தவள் நன்றாக இருப்பதால் இந்த எண் மாறிவிடாது. மரபணு சோதனையில் குறிப்பான காரணம் அகப்பட்டால் மட்டும் மாறும். புதிதாக முளைத்த மாற்றம் என்றால் நூற்றுக்கு ஒன்றிரண்டாக இறங்கும். இரு பிரதிக் கோளாறு என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒன்று, அதைக் கருவிலேயே சோதித்தும் பார்க்கலாம். உங்களுக்கு மரபணு சோதனை உண்மையில் பயன்படும் இடம் இதுதான். கர்ப்பத்துக்கு முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்குங்கள். நீங்கள் வலிப்புக்கு வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கருத்தரிக்கும் முன்பே நரம்பியல் டாக்டரிடம் மாற்று கேளுங்கள். டென்மார்க் பதிவேட்டில் அந்த மாத்திரை சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளில் நூற்றுக்கு 4.4 பேருக்கு ஆட்டிசம், மற்றவர்களில் 1.5. நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு உயிருக்கே ஆபத்து.

மற்ற பிள்ளைகளோடு சேர்வானா என்று கேட்டீர்கள். பத்துப் பிள்ளைகள் ஓடும் தெருவில் விட்டால் ஓரமாகப் போய் டயரைச் சுற்றிக்கொண்டிருப்பான், அதைப் பார்த்து மனம் உடையாதீர்கள். பிறர் மனத்தில் தன்னுடையதிலிருந்து வேறான எண்ணம் இருக்கலாம் என்பது சாதாரணப் பிள்ளைக்கே 4 வயதில்தான் பிடிபடுகிறது. 1985இல் லண்டனில் நடந்த சோதனையில் ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேருக்கு அது பிடிபடவில்லை, அவர்கள் வயதோ அதற்கு வெகு மேல். அதனால் இப்போதைக்கு ஒரே ஒரு துணை, ஒரே ஒரு விளையாட்டு, 5 நிமிடம். உங்களிடம் தயாராக ஆள் இருக்கிறாள்: அக்கா. சாய்வாக வைத்த பலகையில் பந்தை உருட்டிவிடுவது அவள் வேலை, கீழே பிடித்து அவளிடம் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. முதலில் நீங்கள் அவன் பின்னால் இருந்து கையைப் பிடித்துச் செய்யுங்கள், நாலைந்து நாளில் கையைத் தளர்த்துங்கள். அவள் பந்தை உருட்டாமல் பிடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும், அதைச் சொல்லிக்கொடுங்கள். ஐந்து வயதுப் பெண் இதைப் பெரியவர்களைவிட நன்றாகச் செய்வாள். அது ஓடத் தொடங்கியதும் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றைச் சேருங்கள், அப்புறம் காலையில் ஒரு மணி நேரம் அங்கன்வாடி. வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரை இப்போதே ஒருமுறை பார்த்துப் பெயர் கொடுத்துவிடுங்கள். மதிப்பீடு முடிந்து ஆட்டிசம் உறுதியானால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும், நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பியுங்கள். நிராமயாவில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, பயிற்சிச் செலவுக்கும் கேட்கலாம். பில்லில் பிள்ளை பெயரும் தேதியும் பயிற்சியின் பெயரும் இருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகரும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.